மன்றாடியார் இராமநாதர்

மன்றாடுதல் என்னுஞ் சொல்லை வகுப்பறையிற் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னால், மாணாக்கர் பெரும்பாலும் ஒருவன் மற்றொருவன் காலில் விழுந்து கெஞ்சுவதாகவே எழுதி வருவர். அது பிழையன்று, அகராதியும் அப்பொருளைத் தருகின்றது. ஆயினும் அச்சொல்லுக்கு அதனினும் மூத்த பொருள் ஒன்று உண்டு. மன்று என்பது சபை. வழக்குத் தீர்க்கும் அவை. அம் மன்றிலே எழுந்து நின்று நியாயத்தை எடுத்துரைத்தலே மன்றாடுதல். நம் நாட்டிலே அரசின் சார்பில் வழக்குரைக்கும் சொலிசிற்றர் ஜெனரலுக்கு மன்றாடியார் நாயகம் என்று தமிழிற் பெயரிட்டோர் இப்பொருளை அறிந்தே இட்டனர் போலும். கெஞ்சுவோன் கருணையை எதிர்பார்க்கின்றான். வழக்குரைப்போன் தனக்கு உரியதைக் கேட்கின்றான். இவ்வேறுபாடு சென்ற ஆண்டு மாரிகாலத்தில் என் வீட்டு விறாந்தைக்கே வந்து சேர்ந்தது.

எங்கள் வட்டக்கச்சி, இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலூர். என்னிடம் ஒன்பதாம் வகுப்புவரை தமிழ் படித்த பையன் ஒருவன் சிறிதளவு கஞ்சாவோடு பிடிபட்டான். சட்டத்தரணி வைத்துக்கொள்ள வீட்டில் வகையில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, அவ்வாறே ஒப்புக்கொண்டான். விதிக்கப்பட்டதோ மறியல். அதுவும், பின்னர் தெரிய வந்தவாறு, அவன்மேற் சாட்டப்பட்ட குற்றத்திற்குச் சட்டம் வகுத்த மேலெல்லையைக் கடந்த காலம். எந்த மன்று என்பது இங்கு வேண்டா. பிழை எங்கும் நிகழும். அதனைத் திருத்துதற்கே மேல்மன்று உண்டு.

ஒன்பதாம் நாள் அவன் தாய் என்னிடம் வந்தாள். அவள் வேண்டியது ஒரு கருணை மனு. ஐயா நல்ல தமிழில் உருக்கமாக எழுதித் தரவேண்டும் என்றாள். ஒப்புக்கொண்டவனுக்கு மேன்முறையீடு கிடையாது என்று ஊரிலே பலரும் அடித்துச் சொல்லிவிட்டனராம். யான் தமிழ் கற்றவனேயன்றிச் சட்டம் கற்றவனல்லன். கஞ்சாவுக்கும் அதன் பின் வரும் பொல்லாத பொடிகளுக்கும் எங்கள் பிள்ளைகள் இரையாவதைக் கண்டு மனம் கொதிப்பவன். ஆகவே முதலில் அப்பையன்மேற் கோபமே மூண்டது. மறுநாள் விடை சொல்வதாக அவளை அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு யான் கையில் எடுத்தது சட்ட நூலன்று. நவம்பர் 26 ஆம் நாள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் நினைவுநாள். அதனையொட்டி அவரைப் பற்றிப் பேசவேண்டுமென எங்கள் ஊர் இலக்கிய அன்பர்கள் கேட்டிருந்தனர். அயலூரின் பெயரே இராமநாதபுரம். அப்பெயர் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அவரே நினைவுக்கு வருவது வழக்கம். குறிப்பெடுக்கவென்று அவர் சரிதையைப் புரட்டினேன். 1915 ஆம் ஆண்டுப் பகுதிக்கு வந்தபோது பேச்சை மறந்தேன். அப்பெண்ணின் முறைப்பாடே முன்னின்றது.

இராமநாதர் 1851 ஏப்ரல் 16 ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் மானிப்பாயைச் சேர்ந்த முதலியார் அருணாசலம் பொன்னம்பலம். தாய்மாமன் சட்டநிரூபண சபையிற் புகழ்பெற்ற சேர் முத்துக்குமாரசுவாமி. தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கலைஞானி ஆனந்த குமாரசுவாமி மைத்துனர் முறையினர். செல்வமும் கல்வியும் செல்வாக்கும் ஒருங்கே பொருந்திய குடும்பம். இதனை யான் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை; தேசாதிபதியை நிமிர்ந்து நோக்கிப் பேசும் துணிவுக்கு இக்குடிப்பிறப்பும் ஒரு காரணம் என்பதை மறைத்தலாகாது. அவ்வசதி இல்லாதோர் அக்காலத்தில் வாய் திறந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பது வேறு கதை.

கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்றபின் சேர் றிச்சட் மோர்கனிடம் சட்டம் பயின்று அப்புக்காத்து ஆனார். இலங்கை உயர் நீதிமன்றின் பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். இஃது இலேசான பணியன்று. முன்னோர் தீர்த்த வழக்குகள் ஏட்டிலே இல்லையாயின் பின்வருவோர் ஒவ்வொருவரும் புதிதாகவே தவறு செய்வர். தமிழிலே ஆறுமுக நாவலரும் தாமோதரம்பிள்ளையும் ஏடுகளுக்குச் செய்ததை, அவர் தீர்ப்புகளுக்குச் செய்தார் என்று எண்ணிக்கொள்வேன்.

1879 ஆம் ஆண்டு, இருபத்தெட்டு வயதில், மாமனார் இருந்த இடத்திலே தமிழருக்குரிய நியமன உறுப்பினராய்ச் சட்டநிரூபண சபை புகுந்தார். பின்னர் 1890களிலே சொலிசிற்றர் ஜெனரல், அதாவது மன்றாடியார் நாயகம், ஆனார். ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அரசு ஒருவனைக் குற்றவாளி என்று சாட்டும்போது எவற்றை எல்லாம் மெய்ப்பிக்கவேண்டும், எந்த எல்லையைத் தாண்டலாகாது என்பதை அரசின் ஆசனத்திலிருந்தே கற்றவர் அவர். 1915 இலே அவர் எழுப்பிய குரலுக்கு வலிமை தந்தது இப்பயிற்சியே என்பது என் துணிபு.

இடையிலே சைவத்தில் ஈடுபட்டு அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டதும், அமெரிக்கா சென்று வேதாந்தம் பேசியதும், தந்தையார் அமைத்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கியதும், 1913 இலே மருதனார்மடத்தில் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரி திறந்ததும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாணாக்கருக்குச் சொல்பவை. அவற்றை விரிக்கவில்லை. 1911 இலே படித்த இலங்கையர்க்கென ஒரேயொரு தேர்தல் ஆசனம் வகுக்கப்பட்டது. வாக்காளர் ஏறக்குறைய 3,000 பேரே. அவர்களுள்ளே சிங்களவர் மிகுதி. அத்தேர்தலிலே டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று இராமநாதர் தெரிவானார். தாம் எல்லார்க்கும் உறுப்பினர் என்று அவர் கருதியதற்கு இதுவே அடிப்படை.

இனி 1915 க்கு வருவோம். அவ்வாண்டு நிகழ்ந்த கலகத்தின் வேரிலேயும் ஒரு மேன்முறையீடு கிடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கம்பளையிலே ஒரு தேவாலயத்துப் பெரஹரா பள்ளிவாசல் வழியே மேளம் முழக்கிச் செல்லலாமா என்பது வழக்கு. 1914 இலே கண்டி மாவட்ட நீதிமன்று செல்லலாம் என்றது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்று அதனைப் புரட்டியது. அம்மனக்கசப்பு ஆறுமுன்னே, மே 28 ஆம் நாள் வெசாக் இரவிலே, கண்டிப் பள்ளிவாசல் ஒன்றன் முன்னே சச்சரவு மூண்டது. சில நாட்களிலே அது கொழும்பு வரை பரவிற்று. முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்களும் பறிபோயின. அவர்கள் பட்ட துன்பத்தைச் சிறிதாக்கி இக்கதையைச் சொல்லும் எழுத்தாளர் உளர். யான் அவ்வாறு செய்ய விரும்பேன்.

தேசாதிபதி சேர் றொபேட் சாமேர்ஸ் ஜூன் 2 ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஐரோப்பாவிலே பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கும் சதியைக் காணும் அச்சம் ஆள்வோர் மனத்தைப் பிடித்திருந்தது. கலகம் ஜூன் முதல் வாரத்தோடு அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. வழமையான நீதிமன்றுகள் திறந்தே இருந்தன. நீதிபதிகள் ஆசனத்தில் அமர்ந்தே இருந்தனர். அவ்வாறிருக்கவும் குடிமக்களை இராணுவ மன்றுகள் விசாரித்துத் தண்டித்தன. கடையுடைத்தலும் சூறையாடலும் இராசத்துரோகமாய் மாறின. சிலர் விசாரணையே இன்றிச் சுடப்பட்டனர். இழப்பீடு என்று கூறிக் கிராமத்தவரிடம் பணம் அறவிடப்பட்டது.

கொழும்பு நகரக் காவற்படையிலே கப்டனாய் இருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் செல்வந்தர் வீட்டு இளைஞர் இராணுவ மன்றின் தீர்ப்பால் ஜூலை 7 ஆம் நாள் வெலிக்கடையிலே சுடப்பட்டார். வயது இருபத்தாறு. எட்மண்ட் ஹேவாவிதாரண, அநகாரிக தர்மபாலரின் தம்பியார், ஆயுட்சிறை விதிக்கப்பட்டு நம் யாழ்ப்பாணச் சிறையிலே அவ்வாண்டு நவம்பரில் நோயுற்று இறந்தார். எப். ஆர். சேனாநாயக்கா, டி. எஸ். சேனாநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலிய தலைவர்கள் மறியலில் அடைக்கப்பட்டனர். இவர்களுட் பலர் மதுவிலக்கு இயக்கத்தை முன்னின்று நடத்தியோர். கள்ளுத் தவறணைகளை மூடச் சொன்னவர்களை அரசாங்கம் கலகக்காரர் என்று ஐயுற்றது. போதைக்கு எதிராய்ப் பேசியவன் சிறையிலிருந்தான் என்பதை, போதைக்காகச் சிறை புகுந்த என் மாணாக்கனை நினைத்துக்கொண்டே யான் வாசித்தேன்.

இங்கேதான் சட்டத்தின் கதவு ஒவ்வொன்றாய் அடைபட்டதைக் காண்கின்றோம். இராணுவ மன்றின் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. படைத்தலைவர் உறுதிசெய்தால் அதுவே முடிபு. மறியலிலிருந்த டபிள்யூ. ஏ. டி சில்வாவுக்காக ஆட்கொணர்வு எழுத்தாணை வேண்டி உயர் நீதிமன்றை நாடினர். இராணுவச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போது படையினர் செயலைத் தாம் ஆராய்தல் இயலாது என மன்று கையை விரித்தது. ஆகஸ்ட் 12 ஆம் நாள், அக்காலத்திலே செய்தவற்றுக்கு அதிகாரிகள்மேல் வழக்குத் தொடுப்பதைத் தடுக்கும் கட்டளை ஒன்று மன்னரின் ஆலோசனைச் சபையாற் பிறந்தது. தீர்ப்புகளைத் தொகுத்தே வாழ்வு தொடங்கிய ஒருவருக்கு, தீர்ப்புச் சொல்ல மன்றே இல்லாத நிலை எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

இராமநாதருக்கு அப்போது வயது அறுபத்து நான்கு. வீட்டோடு இருந்திருக்கலாம், சைவத் தமிழரான அவரை எவரும் குறைகூறியிரார். அவர் சட்டநிரூபண சபையிலே எழுந்தார். அம்மாதங்களிலே அவர் ஆற்றிய உரைகள் பின்னர் 1916 இலே இலண்டனில் நூலாய் வெளிவந்தன. உத்தியோக உறுப்பினர் மிகுந்த அச்சபையிலே வாக்கெடுப்பால் வெல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பதிவுக்காகப் பேசினார். கடலுக்கப்பால் இருந்தோர் வாசிப்பதற்காகப் பேசினார். அவ்வுரைகளின் முதுகெலும்பு இரக்கம் அன்று, சட்டமே. நடந்தது இரு சமூகத்தாரிடையே எழுந்த சமயக் கலகம். அரசுக்கு எதிரான கிளர்ச்சியன்று. கிளர்ச்சி இல்லையேல் இராணுவ மன்றுக்கு இடமில்லை. கலகம் அடங்கி நீதிமன்றுகள் நடந்துகொண்டிருக்கும்போது அங்கே கொண்டுசெல்ல வேண்டிய வழக்கை வேறிடம் கொண்டுசென்றது ஆங்கிலச் சட்டத்துக்கே விரோதம். இவ்வாறு ஆள்வோரின் சட்டத்தை ஆள்வோர்க்கே எடுத்துக் காட்டினார். குற்றம் செய்தவர் எவரும் இலர் என்று அவர் வாதிக்கவில்லை. குற்றம் செய்தவனும் சட்டத்தின்படியே தண்டிக்கப்படல் வேண்டும் என்பதே வாதம்.

இந்த வரியிலே யான் நூலை மூடினேன். குற்றம் செய்தவனும் சட்டத்தின்படியே! என் மாணாக்கன் குற்றம் செய்தவன்தான், அவனே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டது குற்றத்தையேயன்றிச் சட்டத்துக்கு மேற்பட்ட தண்டனையை அன்று.

சபையோடு அவர் நிற்கவில்லை. போர்க்காலத்துக் கடல், நீர்மூழ்கிகளின் அச்சம் மிகுந்த வழி. அவ்வழியே இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு அமைச்சினரிடம் வழக்குரைத்தார். ஈ. டபிள்யூ. பெரேராவும் அங்கு சென்று இதே பணியில் ஈடுபட்டார். சுடும்படி இட்ட இரகசிய ஆணையின் படியைச் சப்பாத்தின் அடித்தோலுள் வைத்துத் தைத்துக் கொண்டுபோனார் என்று கூறுவர். சாமேர்ஸ் 1915 முடியுமுன் திருப்பி அழைக்கப்பட்டார். அவருக்குப் பின் 1916 இலே சேர் ஜோன் அண்டர்சன் தேசாதிபதியாய் வந்தார். சிறையிருந்தோர் பலருடைய தண்டனைகள் குறைக்கப்பட்டன, பலர் வெளிவந்தனர். பேதிரிஸுக்கு அது பயன்படவில்லை. உயிரை எடுத்த தண்டனைக்கு மேல்மன்று எவ்வளவு பெரிதாயினும் என்ன செய்யும்?

இராமநாதர் திரும்பி வந்தபோது, வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்கள் தாமே வண்டியை இழுத்து அவரை ஊர்வலமாய் வீட்டுக்குக் கொண்டுசென்ற காட்சி பலரும் அறிந்தது. இன்று அதனை எடுத்துச் சொல்லும் தமிழர் பெரும்பாலும் பின்னர் வந்த நன்றிகேட்டைச் சுட்டவே சொல்கின்றனர். எனக்கு அவ்வழியில் மனம் செல்வதில்லை. கைம்மாறு கருதி அவர் சென்றிருந்தால் அது வாணிபம்.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். கலகத்திலே வீடிழந்து கடையிழந்து நின்ற முஸ்லிம் மக்களுக்கு அவர் உரைகள் எவ்வாறு கேட்டிருக்கும்? 1888 இலேயே இலங்கைச் சோனகரின் இனத்தோற்றம் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை அவர்களைப் புண்படுத்தியிருந்தது, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு நூலால் மறுப்பெழுதினார். அப்புண் ஆறாதிருக்கையில், தம்மைத் தாக்கியவர் பக்கம் நின்று அவர் பேசியதாகவே அச்சமூகம் கொண்டது. சட்டத்தை நிலைநாட்டியோர் துன்புற்றோரின் கண்ணீரையும் அதே அளவு உரக்கச் சொல்லியிருத்தல் வேண்டும். இதனை அவர் குறையென்றே யான் கருதுகின்றேன். பிற்காலத்திலே, 1928 இல் டொனமூர் ஆணைக்குழு எல்லார்க்கும் வாக்குரிமை அளிக்கச் சொன்னபோது, அதனையும் எதிர்த்தார். மன்று ஏறமுடியாதோர்க்காகக் கடல் கடந்தவர், அவர்கள் தாமே மன்று ஏறுதற்கு வழிவிட மறுத்தமை எனக்கு இன்றும் விளங்காத புதிர். 1921 இலே சேர் பட்டமும் அதே ஆண்டிலே திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரியும். 1930 நவம்பர் 26 இலே, எழுபத்தொன்பது வயதில், மறைவு. பரமேசுவரக் கல்லூரி இருந்த வளவிலே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கின்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. கஞ்சா வழக்குகள் நடப்பது நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டத்தின் கீழ். அது 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம். 1984 இலும் 2022 இலும் மிகக் கடுமையாய்த் திருத்தப்பட்டது. அது முதன்முதல் ஆக்கப்பட்ட நாளிலே சட்டநிரூபண சபையில் இருந்த உறுப்பினருள் முதியவரான இராமநாதரும் ஒருவர்.

மறுநாட் காலை அப்பெண் வந்தபோது, கருணை மனு எழுதமாட்டேன் என்றேன். அவள் முகம் வாடியது. பின்னர் இருவருமாய்ச் சட்ட உதவி ஆணைக்குழுவைச் சேர்ந்த சட்டத்தரணி ஒருவரிடம் சென்றோம். வயதில் என் மகளை ஒத்தவர். வழக்கேட்டுப் படியைப் பார்த்தார். குற்றத்தின் பிரிவையும் தண்டனைக் காலத்தையும் ஒப்பிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் நடந்த செய்தி பற்றி மேன்முறையிட முடியாது. சட்டப் பிரச்சினை பற்றி முறையிடலாம் என்று விளக்கினார். சட்டம் அனுமதியாத தண்டனை சட்டப் பிரச்சினையே. அது மேல்மன்று ஆராயத்தக்கது எனச் சட்டத்தரணி ஒருவர் சான்று எழுதவேண்டும். அதனைத் தாமே எழுதுவதாகவும் சொன்னார். மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்பு நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் கொடுத்தல் வேண்டும். அன்று பத்தாம் நாள். இடையிலே சனியும் ஞாயிறும்.

பதின்மூன்றாம் நாள் மனு கொடுக்கப்பட்டது. தமிழ்ப் பண்டிதனான எனக்கு அதில் வேலை ஒன்றே: எழுதியதை அத்தாய்க்கு வாசித்துக் காட்டியது. மகன் நல்லவன் என்றோ, வீடு வறியது என்றோ அதில் ஏன் இல்லை என்று கேட்டாள். அவை வேண்டியதில்லை என்று அச்சட்டத்தரணிப் பிள்ளை சொன்னதை அவள் அப்போது நம்பவில்லை.

நவம்பர் 26 இலே பேச்சு நடந்தது. மழை, கூட்டம் குறைவு. பையன் பின்னர், தண்டனை சட்ட எல்லைக்குள் குறைக்கப்பட்டு, சிறுபோகத்துக்கு வயல் உழும் நாட்களிலே வீடு வந்தான். எனக்கு எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தலைகுனிந்து நிற்கின்றான். அப்பழைய கோபம் எனக்கு இன்னும் முற்றாய்த் தீர்ந்தபாடில்லை. விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளிலே வந்து படிக்கச் சொல்லியிருக்கின்றேன். இரண்டு வாரமாய் வருகின்றான்.